பதில் வராத கதைகள்: இயேசுவின் உவமைகளை எப்படி ரசிப்பது

காஞ்சிபுரத்தில் கதை கேட்கத் தெரியாதவர்கள் கிடையாது. வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் உபந்நியாசம் என்றால் உட்கார இடம் இல்லாவிட்டாலும் நின்று கேட்கிறார்கள். திருக்குறிப்புத் தொண்டர் கதையைப் பிள்ளையார்பாளையத்தில் எந்தப் பெரியவரிடம் கேட்டாலும் தறியிலிருந்து இறங்காமலேயே சொல்லிவிடுவார். அதே மனிதரிடம் இயேசு சொன்ன உவமை ஒன்றைச் சொல்லட்டுமா என்று கேளுங்கள். “அது உங்க சாமி விஷயம் தம்பி” என்று மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் இன்னும் மோசம். “அதெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே படிச்சாச்சு” என்கிறார்கள். இலக்கியம் படிக்கிறவர்களோ பிரச்சாரம் என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். மூன்று தரப்பும் சேர்ந்து உலகத்தின் மிகச் சிறந்த சிறுகதைத் தொகுப்பு ஒன்றைத் திறக்காமலேயே வைத்திருக்கின்றன. இந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படை விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். உவமைகள் மத்தேயு, மாற்கு, லூக்கா என்ற மூன்று நற்செய்தி நூல்களில் இருக்கின்றன. யோவானில் தேட வேண்டாம், அங்கே கதையாகச் சொன்ன உவமை கிடையாது. எண்ணுகிறவரைப் பொறுத்து மொத்தம் நாற்பதுக்கு முன்னேபின்னே வரும். பெரும்பாலானவை பத்து வரிக்குள் முடிந்துவிடும். சீர்திருத்தச் சபையார் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பும் சரி, 1995-இல் வந்த திருவிவிலியமும் சரி, இரண்டுமே போதும். எது கையில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். நாணயக் கணக்கு மட்டும் நினைவில் இருக்கட்டும்: ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். பழைய மொழிபெயர்ப்பில் அது பெரும்பாலும் வெறும் ‘பணம்’. ஒரு தாலந்து என்றால் 6,000 தெனாரியம்.

இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். மத்தேயு 18-இல் ஓர் ஊழியன் அரசனிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். பெருக்கிப் பாருங்கள், 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை கிடைத்தால் அடைத்து முடிக்க 2 லட்சம் வருஷம். அவன் அரசன் காலில் விழுந்து, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்துவிடுகிறேன் என்கிறான்! அரசன் மொத்தத்தையும் தள்ளுபடி செய்கிறான். வெளியே வந்ததும் இவன் தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். நூறு நாள் கூலி, அதுவும் சின்னத் தொகை இல்லை. அதனால்தான் அந்தக் கை கழுத்துக்குப் போகிறது. கணக்குத் தெரியாமல் வாசித்தால் இது மன்னிப்பைப் பற்றிய போதனை. கணக்கோடு வாசித்தால் முதலில் சிரிப்பு வரும், பிறகு நம் வீட்டு நோட்டுப் புத்தகத்தில் யார் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று நினைவுக்கு வரும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். உவமைகள் எல்லாம் ஒரே இனம் இல்லை. அன்பு, மன்னிப்பு, பரலோகம் என்று பொருளை வைத்துப் பிரிப்பார்கள், விதை, ஆடு, விருந்து என்று பண்டத்தை வைத்தும் பிரிப்பார்கள். அந்தப் பிரிவினைகளால் ரசனைக்கு ஒரு பயனும் இல்லை. எனக்குத் தெரிந்து பயனுள்ள பிரிவு ஒன்றுதான். முடிந்த உவமை, முடியாத உவமை. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கதையில் கடைசியாகப் பேசுவது யார் என்று பாருங்கள். யாரிடம் பேசினாரோ அவர் பதில் சொன்னாரா என்று பாருங்கள். பதில் வந்திருந்தாலோ, பதில் சொல்ல ஆளே இல்லாமல் போயிருந்தாலோ கதை முடிந்தது. பதில் சொல்ல வேண்டியவன் உயிரோடு எதிரே நின்றுகொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறான் என்றால் அது முடியாத உவமை.

பாறை மேல் வீடு, மணல் மேல் வீடு: மழை வந்தது, ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது, முடிந்தது. பத்துக் கன்னியர்: கதவு அடைபட்டுவிட்டது, முடிந்தது. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்ட பணக்காரனிடம் கடவுளே கடைசியாகப் பேசுகிறார், கேள்வியும் கேட்கிறார். ஆனால் அன்றிரவே அவன் உயிர் போகப்போகிறது, பதிலுக்கு இடமில்லை. மேலே சொன்ன கடன்காரன் கதையும் முடிந்த கதைதான். இவை தாழ்ந்தவை என்று நான் சொல்லவில்லை. நம் சேக்கிழார் சொல்லும் திருக்குறிப்புத் தொண்டர் கதையும் முடிந்த கதையே. பொழுது சாய்வதற்குள் துணியைத் துவைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்த இந்தக் காஞ்சி அடியவர், மழை விடாததால் துவைக்கும் கல்லில் தலையை மோத, அதே கல்லிலிருந்து இறைவனின் கை நீண்டு தடுக்கிறது. கேள்வி எழுந்த இடத்திலேயே பதில் வந்து கையைப் பிடித்துவிடுகிறது. அதன் அழகு வேறு.

முடியாத உவமைகளில் அந்தக் கை வருவதில்லை.

லூக்கா 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஊதாரி மகன் கதை. இதை இளைய மகன் வீடு திரும்பியதோடு நிறுத்திவிட்டுப் பாடுகிறவர்களும் படம் வரைகிறவர்களும் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்கள். அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்வது நல்ல காட்சிதான். மகன் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த வசனத்தின் கடைசி வரியை, கூலிக்காரனாக வைத்துக்கொள்ளுங்கள் என்ற அந்த ஒரு வரியை, சொல்லவிடாமல் அப்பா ஆட்களுக்கு உத்தரவு போட ஆரம்பிக்கிறாரே, அந்த இடம் இன்னும் நல்ல காட்சி. ஆனால் கதையின் உயிர் அதற்கப்புறம்தான் இருக்கிறது. மூத்தவன் வயலிலிருந்து வருகிறான். வீட்டுக்குள் பாட்டும் ஆட்டமும் கேட்கிறது. உள்ளே போய்ப் பார்க்கவில்லை, ஒரு வேலையாளைக் கூப்பிட்டு விசாரிக்கிறான். விஷயம் தெரிந்ததும் வாசலிலேயே நின்றுவிடுகிறான். அப்பா இரண்டாம் தடவையாக வெளியே வருகிறார். மூத்தவன் கொட்டித் தீர்க்கிறான்: இத்தனை வருஷம் உழைத்தேன், நண்பர்களோடு கொண்டாட எனக்கு ஓர் ஆட்டுக்குட்டி கொடுத்ததுண்டா? தம்பி என்ற உறவு அவன் வாயில் வரவில்லை, உங்கள் மகன் என்கிறான். வேசிகளோடு சொத்தை அழித்தவன் என்றும் சொல்கிறான். கதை சொன்னவர் அதைச் சொல்லவே இல்லை! ஊதாரித்தனமாகச் செலவழித்தான் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். இது மூத்தவன் மனசுக்குள் ஓடிய படம். எத்தனை ராத்திரி அதை ஓட்டிப் பார்த்திருப்பான்! அப்பா பொறுமையாக, உன் தம்பி என்று உறவைத் திருத்திச் சொல்கிறார். கொண்டாடத்தானே வேண்டும் என்கிறார். அத்தோடு கதை நிற்கிறது. மூத்தவன் உள்ளே போனானா? தெரியாது.

இந்தக் கதையை யாருக்குச் சொன்னார் என்று அத்தியாயத்தின் தொடக்கத்தில் பார்த்துவிடுங்கள். பாவிகளோடு இவர் சாப்பிடுகிறாரே என்று முணுமுணுத்தவர்களுக்கு. வாசலில் நிற்பவன் கதைக்குள் இருக்கும்போதே கேட்கிற கூட்டத்திலும் இருக்கிறான். பதிலை அவன்தான் சொல்ல வேண்டும்.

லூக்கா 13-இல் நாலே வசனத்தில் ஒரு கதை. மூன்று வருஷமாகக் காய்க்காத அத்திமரத்தை வெட்டிப்போடச் சொல்கிறார் தோட்டக்காரரிடம் அதன் சொந்தக்காரர். சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன், இந்த வருஷம் மட்டும் விடுங்கள் என்கிறார் தோட்டக்காரர். சொந்தக்காரர் சரி என்றாரா? சொல்லவில்லை. மரம் காய்த்ததா? அதுவும் சொல்லவில்லை. பழைய ஏற்பாட்டில் யோனாவின் புத்தகமும் இப்படித்தான். ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரும் ஏராளமான மிருகங்களும் உள்ள நினிவே நகரத்துக்காக நான் இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்கிற கேள்வியோடு புத்தகமே முடிந்துபோகிறது. யோனா வாயைத் திறப்பதில்லை. இயேசு சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த மரபிலேயே இது இருக்கிறது.

நடுவில் ஒரு கலப்பினமும் உண்டு. கதை முடிந்தும் கணக்கு முடியாதவை. நல்ல சமாரியனை எடுங்கள். அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்து இரண்டு தெனாரியம் கொடுக்கிறான். அதற்கு மேல் எவ்வளவு செலவானாலும் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். முன்பின் தெரியாத ஒருவனுக்காகத் தொகை எழுதாத சீட்டில் கையெழுத்துப் போடுகிற காரியம் இது! பிரசங்கங்களில் எண்ணெயும் திராட்சரசமும் கழுதையும் வரும். இந்தத் திறந்த கணக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரொம்பக் குறைவு. ஆரம்பத்தில் கேள்வி கேட்ட வேத அறிஞரையும் கவனியுங்கள். யார் அயலானாக நடந்துகொண்டது என்று திருப்பிக் கேட்டதும் சமாரியன் என்ற பெயரைச் சொல்லாமல், இரக்கம் காட்டியவன் என்று சுற்றி வளைக்கிறார். ஊர்ப் பகை நாக்கைக் கட்டிப்போட்டிருக்கிறது.

இனி சண்டைக்கு வருகிறேன். திறந்து கிடக்கிற கதையைப் பார்த்தாலே சிலருக்குக் கை அரிக்கிறது, மூட வேண்டும். முதல் குற்றவாளி மகா அறிஞரான அகுஸ்தீனார். நல்ல சமாரியன் கதையில் அடிபட்டவன் ஆதாம், எரிகோ சந்திரன், சத்திரம் திருச்சபை, சத்திரக்காரர் பவுல் என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டினார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஐரோப்பா இந்தச் சீட்டுகளை வாசித்தது, கதையை வாசிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் யூலிக்கர் அத்தனை சீட்டுகளையும் கிழித்தெறிந்தார். அதற்காக அவரைக் கும்பிடலாம். ஆனால் ஓர் உவமைக்கு ஒரே ஒரு கருத்துதான் என்று அவர் போட்ட சட்டமும் இன்னொரு பூட்டுதான். 1935-இல் பிரிட்டிஷ் அறிஞர் சி. எச். டாட் வந்துதான், உவமை கேட்பவரின் மனத்தில் ஒரு சந்தேகத்தை விட்டுவைத்து யோசிக்கத் தூண்டுகிறது என்று சரியான இடத்தைத் தொட்டார்.

நம் ஊர்ப் பூட்டுகள் வேறு மாதிரி. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டை, விடிந்ததும் கைப்பேசியில் வந்து விழும் பூப்படம் போட்ட வசனம், மூன்று தலைப்பும் ஒரே எழுத்தில் தொடங்கியாக வேண்டும் என்று பாடுபட்டுத் தயாரித்த பிரசங்கம். இவையெல்லாம் ஆழமில்லாதவை, தயங்காமல் சொல்கிறேன். ஆறுதல் தேவைப்படுகிறவர் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கேள்வியாக நிறுத்திய கதையிலிருந்து ஒரு வரியைக் கத்தரித்து ஆசீர்வாதமாக விநியோகிப்பது கதையையும் சொன்னவரையும் அவமதிப்பது. எதிர்ப்பக்கத்து ஆட்களையும் விடமாட்டேன். சிறுகதையில் முடிவைத் திறந்து வைத்தால் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற விமர்சகர்கள், அதே வித்தை முதல் நூற்றாண்டிலேயே கலிலேயாவில் நடந்திருப்பதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சிலுவை அடையாளத்தைக் கண்டதும் அவர்களுடைய ரசனை லீவு போட்டுவிடுகிறது.

முடியாத உவமைகளுக்கெல்லாம் தலை மத்தேயு 20. இதைக் காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு வாசிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். விடியற்காலையில் ஒருவர் தம் திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார். நாளுக்கு ஒரு தெனாரியம் என்று பேச்சு. பிறகு காலை ஒன்பது மணிக்கும், உச்சிக்கும், மூன்று மணிக்கும் போய் ஆள் எடுக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் அப்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், யாரும் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். சரி, நீங்களும் போங்கள் என்கிறார். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் ஒரே கூலி, ஒரு தெனாரியம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, தயவுசெய்து தவறவிடாதீர்கள். கடைசியில் வந்தவர்களிலிருந்து கொடுக்க ஆரம்பிக்கச் சொல்கிறார் தோட்டக்காரர். முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் பேசிய கூலியை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். சண்டையும் இல்லை, கதையும் இல்லை. வரிசையைத் திருப்பியதால் விடியற்காலை ஆட்கள் நின்று பார்க்கும்படி ஆகிறது. ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கு ஒரு தெனாரியம் என்றால் நமக்கு எவ்வளவு என்று மனம் கணக்குப் போடுகிறது. நம்பிக்கை ஏறி, பிறகு சரிகிறது. முணுமுணுக்கிறார்கள். தோட்டக்காரர் அவர்களில் ஒருவனிடம், பேசியதை நான் கொடுக்கவில்லையா, என் பணத்தை என் விருப்பப்படி கொடுக்கக் கூடாதா, நான் நல்லவனாக இருப்பது உனக்குப் பொறாமையா என்று அடுக்கடுக்காகக் கேட்கிறார். அவன் பதில் சொல்லவில்லை. கடைசியில் வந்தவர்கள் முதலாவார்கள் என்கிற வரியைப் பிடித்துக்கொண்டு இதை மூடப் பார்க்காதீர்கள். அது கதைக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கும் சட்டம், கதைக்குள் இல்லை.

பட்டுத்தறியில் நாள் கூலி கிடையாது, சேலைக்கு இவ்வளவு என்று கூலி. கோர்வைச் சேலை என்றால் கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில் நெய்து கோக்க வேண்டும், பக்கத்தில் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் குழித்தறியின் குழியில் ஈரம் ஊறும், தெருவில் பாவு விரிக்க முடியாது. நெசவாளி சும்மா உட்கார்ந்திருப்பது சோம்பலால் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் அண்ணாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார். “சரி தம்பி, மறுநாள் விடியக்காலம் அந்த ஆளோட தோட்டத்துக்கு எவன் போவான்? எல்லாரும் அஞ்சு மணிக்குத்தான் போய் நிப்பான்” என்றார். நான் வாசித்த உரைகள் பலவற்றைவிட இந்த ஒரு கேள்வி கூர்மையானது. பக்கத்தில் கோர்வை போட்டுக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமலேயே சொன்னார்: “அஞ்சு மணி வரைக்கும் நின்னவனுக்கு வயிறு மட்டும் கால் வயிறா இருக்குமா?” அண்ணா அவரைப் பார்த்தார். நாடா மறுபடியும் ஓட ஆரம்பித்தது. இருவரில் யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒரே தறியில் உட்கார்ந்து இருவரும் அந்தக் கதைக்குள் போய்விட்டார்கள், எனக்கு அது போதும்.

திறந்த கதை என்ன செய்யும் என்பதற்குச் சான்று நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு ஊர்களில் சர்வோதய சங்கம் என்று பலகை மாட்டிய கதர் அங்காடிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரின் பாட்டன் இந்தத் திராட்சைத் தோட்டம்தான்! தோட்டக்காரர் கடைசியில் வந்தவனைப் பற்றிச் சொல்லும் வார்த்தைகளையே தலைப்பாக வைத்து ஜான் ரஸ்கின் 1860-இல் இங்கிலாந்தில் பொருளாதாரக் கட்டுரைகள் எழுதினார். வாசகர்கள் கொதித்ததில் நான்கு கட்டுரைகளோடு பத்திரிகை நிறுத்திக்கொண்டது. அந்தக் கட்டுரைகள் சேர்ந்த புத்தகத்தை 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகிற ரயிலில் காந்தி வாசித்தார். வழக்கறிஞரின் உழைப்புக்கும் முடிதிருத்துபவரின் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றே என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டு ஃபீனிக்ஸ் பண்ணையை ஆரம்பித்தார். 1908-இல் அதைக் குஜராத்தியில் சுருக்கி எழுதியபோது வைத்த பெயர் ‘சர்வோதயம்’. 1956-இல் வினோபா பாவே தமிழ்நாட்டில் நடைப்பயணம் வந்தபோது சர்வோதய மாநாடு நடந்தது வேறெங்குமில்லை, இதே காஞ்சிபுரத்தில். விடியற்காலை ஆள் சொல்லாமல் விட்ட பதிலை இத்தனை பேர் தங்கள் வாழ்க்கையால் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

தமிழர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர், பிறகு கதர் கட்டியவர். சத்தியாகிரகிகள் மீது நடந்த தடியடியைக் கண்டு திருச்சபை வாய் திறக்கவில்லையே என்று ஆயருக்கே எழுதியவர். இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1945-இல் வந்தது, சிறையில் இருந்தபோது எழுதியது. அன்றாட வாழ்வுக்கு இயேசு என்று சொல்லிக்கொண்டு வருகிற தியானப் புத்தகங்கள் பல நம் மனசை மட்டும் தடவிக்கொடுக்கும். குமரப்பா சந்தைக்கும் வயலுக்கும் சர்க்காருக்கும் அந்தப் போதனையைக் கொண்டுபோனார். தணிக்கையாளர் வேதம் வாசித்தால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்னும் தள்ளி நிற்கிறவர்களுக்காக ஒரே ஒரு வேலை சொல்கிறேன், நமக்குள் இருக்கட்டும். மதம் மாற வேண்டாம், கோயிலுக்குப் போவதை நிறுத்தவும் வேண்டாம். லூக்கா 16-ஐத் திறந்து அநீதியுள்ள கணக்குப்பிள்ளை கதையை எட்டாம் வசனம் வரைக்கும் வாசியுங்கள். அதற்கப்புறம் விளக்கம் மேல் விளக்கமாக வரும், அதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் அந்த ஆள் எஜமானுடைய கடன்காரர்களைக் கூப்பிட்டுச் சீட்டைத் திருத்தச் சொல்கிறான். நூறு குடம் எண்ணெய் ஐம்பதாகிறது, நூறு கலம் கோதுமை எண்பதாகிறது. எண்ணெய்க்காரனுக்குப் பாதி தள்ளுபடி, கோதுமைக்காரனுக்கு ஐந்தில் ஒன்றுதான். இந்த வித்தியாசம் ஏன் என்று பிரசங்க மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முன்பணம், வட்டி, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் கரைத்துக் குடித்த ஊர் இது. பிள்ளையார்பாளையத்திலோ சின்னக் காஞ்சிபுரத்திலோ யாருக்காவது பிடிபட்டால் எனக்கும் வந்து சொல்லுங்கள்.